இந்த வயசுல எதுக்கு என்று கேட்ட மகனுக்கு

அன்புள்ள அருண்,

"இந்த வயசுல எதுக்கும்மா?" என்று ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாய். கேட்ட பிறகு நீயே கொஞ்சம் திகைத்துப்போனாய் என்று நினைக்கிறேன். அதன் பிறகு உன் பக்கத்திலிருந்து குக்கர் விசில் சத்தம் மட்டும்தான் வந்தது. "யோசிச்சுச் சொல்றேன்டா" என்றேன். அது எனக்கு வகுப்பறையிலிருந்து வந்த பழக்கம். ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து நின்று, "மிஸ், பூமி இழுக்குதுன்னா நிலா ஏன் கீழ விழல?" என்று கேட்டால், வாயில் வந்ததைச் சொல்லி உட்காரவைக்க மாட்டேன். "நல்ல கேள்வி, நாளைக்குச் சொல்றேன்" என்பேன். மறுநாள் ஒரு வாளியில் தண்ணீர் எடுத்து வந்து, தலைக்கு மேலே சுழற்றிக் காட்டுவேன். ஒரு தடவை முதல் பெஞ்சு முழுக்க நனைந்தது, பதில் என்னவோ புரிந்துவிட்டது. நீ கேட்டதும் நல்ல கேள்விதான். வாளியால் ஆகாது என்பதால் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போனில் நான் சுற்றி வளைத்துப் பேசியதால், விஷயத்தை இன்னொரு முறை நேராகச் சொல்லிவிடுகிறேன். நானும் சண்முகவேலும் அடுத்த மாதம் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம். மேளம் இல்லை, மண்டபம் இல்லை. மூன்று பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று அவர் மகள் மீனா. இன்னொன்று என்னோடு பள்ளியில் வேலை பார்த்த லலிதா மிஸ். மூன்றாவது கையெழுத்தை நீ போட வேண்டும் என்பது என் ஆசை. "லீவு கிடைக்குமான்னு தெரியலம்மா" என்றாய். நீ பிறந்ததிலிருந்து உன் குரலைக் கேட்கிறேன். அந்தக் குரலுக்கும் லீவுக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். நீ வராவிட்டாலும் கல்யாணம் நடக்கும். கீழ் வீட்டு மாமா இப்போதே பேனாவைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு தயாராக இருக்கிறார். ஆனால் உன் பெயர் வர வேண்டிய இடத்தில் கீழ் வீட்டு மாமாவின் பெயரைப் பார்த்துக்கொண்டு எனக்கு முழுதாகச் சிரிக்க வராது. அதனால் உனக்குப் புரியவைக்க ஒரு முயற்சி.

முதலில் நம் ஊர்க் கடலைப் பற்றிச் சொல்கிறேன். உனக்கு ஆறேழு வயது இருக்கும். ஓவிய வீட்டுப்பாடத்துக்குக் கடலில் பாதி மூழ்கிய சூரியனை வரைந்து, ஆரஞ்சு கிரேயானைத் தீர்த்துவிட்டாய். அன்று மாலையே அதை நேரில் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தாய். உன் அப்பா உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பெசன்ட் நகர் கடற்கரைக்கு வந்தார். நீ கடலைப் பார்த்து நின்றுகொண்டு, "இன்னும் வரலப்பா, இன்னும் வரலப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். உன் முதுகுக்குப் பின்னால், கட்டடங்களுக்கும் தூங்குமூஞ்சி மரங்களுக்கும் நடுவே, சூரியன் தன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா உன்னைத் திருப்பி நிறுத்திக் காட்டியதும் உனக்குக் கோபம் வந்துவிட்டது. "எல்லார் சூரியனும் கடல்ல விழுது, நம்ம சூரியன் மட்டும் ஏன் பஸ் ஸ்டாண்டுல விழுது?" என்றாய். கிழக்குக் கடற்கரை, மேற்குக் கடற்கரை என்று நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா முந்திக்கொண்டார். "டூட்டி முடிஞ்சு டெப்போவுக்குப் போகுதுடா. அதுக்கும் வீடு இருக்குல்ல?" நீ உடனே சமாதானமாகிவிட்டாய். பூகோள டீச்சர் நான்தான், ஆனால் அன்றைக்குப் பதில் சொன்னது அவர்.

அதோடு விட்டாரா? உனக்குக் கடலில் விழும் சூரியனைக் காட்டியே தீர வேண்டும் என்று கோடை விடுமுறையில் கன்னியாகுமரிக்கு அழைத்துப் போனார். ரயிலில் ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஜன்னலில் தொங்கினாய். பகல் முழுக்க மணலில் ஆடினாய். சரியாகச் சூரியன் இறங்கும் நேரத்தில் அப்பாவின் தோளில் தூங்கிப்போனாய். நான் உலுக்கினேன், அப்பா உன் காதைத் திருகினார், பக்கத்தில் நின்ற ஒரு வடநாட்டுக்காரர் கை தட்டிக்கூடப் பார்த்தார். நீ அசையவில்லை. இருட்டின பிறகு கண்ணை விழித்துக் கடலைப் பார்த்துவிட்டு, "போயிடுச்சா? மறுபடி போடச் சொல்லுப்பா!" என்று அழுதாய். டி.வி.யில் கிரிக்கெட் அவுட்டை மறுபடி மறுபடி போடுகிறார்களே, அந்த நினைப்பு உனக்கு. அப்பா சிரித்துச் சிரித்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு வீட்டில் எது கைதவறிப் போனாலும், பால் பொங்கினாலும் ரயிலைத் தவறவிட்டாலும், "மறுபடி போடச் சொல்லு" என்பது நம் மூன்று பேருக்கும் பொதுவான பேச்சாகிவிட்டது. உன் அப்பாவோடு நான் வாழ்ந்த வாழ்க்கை அப்படிச் சிரித்து வாழ்ந்த வாழ்க்கை. இதை ஏன் முதலிலேயே எழுதுகிறேன் என்றால், ஏதோ ஒரு குறையை நிரப்பத்தான் அம்மா இப்போது இன்னொருவரைத் தேடிக்கொண்டாள் என்று நீ நினைத்துவிடக் கூடாது. மதுரையிலிருந்து உன் அத்தை போன் செய்து, "உனக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்டார்கள். "குறைச்சல் இருந்தாத்தான் கல்யாணம் பண்ணணுமா அண்ணி? எனக்கு முதல் கல்யாணம் ஆனப்பவும் ஒரு குறைச்சலும் இல்லையே" என்றேன். உடனே, "சேலை எங்க எடுக்கப் போற?" என்று கேட்டார்கள். அத்தை அப்படித்தான்.

அப்பா போன பிறகு சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் என்னைத் தினமும் நடக்கச் சொன்னார். உன் அப்பாவுக்கு நடைப்பயிற்சி என்றால் கேலி. "கடற்கரைக்குப் போய் நடக்கணுமா என்ன? ஹாலுக்குள்ளயே நடந்தா மேட்சும் பாத்த மாதிரி இருக்கும்" என்பார். அதனால் கடற்கரை நடை எனக்குப் புதிது. அடையாறிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கி, வேளாங்கண்ணி மாதா கோயில் பக்கமிருந்து ஊரூர் குப்பம் பக்கம் வரைக்கும் நடப்பேன். அங்கே நடக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நடைபாதை முடிகிற இடத்தில் இருக்கும் சுவரைக் கையால் தொட்டுவிட்டுத்தான் திரும்புவார்கள். தொடாமல் திரும்பினால் அன்றைய நடை கணக்கில் சேராது. ரிட்டையரான பெரிய அதிகாரிகள்கூடக் கூட்டமாக இருந்தால் கையை நீட்டி எட்டித் தொடுவதைப் பார்த்திருக்கிறேன். நானும் தொட்டுத் திரும்புவேன். ஆனால் குனிந்த தலை நிமிராமல் நடப்பேன். காலைப் பார்ப்பேன், கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன். பக்கத்திலேயே ஒரு கடல் இருப்பது எனக்குச் சத்தமாக மட்டும்தான் தெரியும்.

ஒரு மாலை மழை விட்டு வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பியவள் எதற்கோ கிழக்கே பார்த்தேன். கடலின் விளிம்பிலிருந்து கருநீலமாக ஒரு பட்டை எழுந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே வானம் இளஞ்சிவப்பாக இருந்தது. அது என்ன தெரியுமா? பூமியின் நிழல். சூரியன் மேற்கே மறைந்ததும் பூமி தன் நிழலைக் கிழக்கு வானத்தில் விழச்செய்கிறது. இத்தனை வருஷம் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்ததை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். என்னை மறந்து பக்கத்தில் திரும்பி, "அங்க பாருங்க!" என்றேன். உன் அப்பாவிடம் சொல்கிற மாதிரியே சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்றவர் யாரோ ஒரு மனிதர், அரைக்கைச் சட்டையும் வேட்டியுமாக, சுவரைத் தொடக் கையை நீட்டியபடி இருந்தார். நீட்டிய கையோடு அப்படியே வானத்தைப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. அவரோ மிகவும் நிதானமாக, "மேல வெங்காயத் தோல் கலருங்க. கீழ மயில்கழுத்து. இந்தச் சேர்க்கையில ஒரு சேலை வந்திச்சுன்னா, மதியத்துக்குள்ள வித்துப் போகும்" என்றார்.

அவர்தான் சண்முகவேல். தியாகராய நகரில் ரங்கநாதன் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில், சேலைக்குப் பொருத்தமான ரவிக்கைத் துணி விற்கும் கடை வைத்திருந்தவர். மேட்சிங் சென்டர் என்போமே, அது. ஊர் திருநெல்வேலிப் பக்கம். மனைவி இறந்து வெகுகாலம் ஆகிறது. கடையை மகள் மீனா கையில் கொடுத்துவிட்டு, சாஸ்திரி நகரில் அவளோடு இருக்கிறார். "நிழலா? யாரு நிழலு?" என்று கேட்டார். "நம்ம பூமியோடதுதான்" என்று சொல்லி, ஒரு கையை மூடிப் பூமியாக்கி, தெருவிளக்கைச் சூரியனாக்கி விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, "நம்ம நிழலைப் போயா கலர்னு சொல்லிட்டேன்?" என்று சிரித்தார். பிறகு ஒன்று சொன்னார், அது என் மனதில் தங்கிவிட்டது. "டீச்சரம்மா, எனக்கு இதெல்லாம் புதுசு. கடைக்காரனுக்குச் சாயங்காலம்ங்கிறது வியாபாரம். ஊர்ல எல்லாரும் வெளிய வாரப்ப நாங்க உள்ள இருப்போம். கடையைப் பூட்டிட்டு வெளிய வந்தா இருட்டியிருக்கும். இத்தன வருசமா நான் சாயங்காலத்தையே பாத்ததில்ல." அதைப் புலம்பலாகச் சொல்லவில்லை. நல்ல ஹோட்டலைத் தாமதமாகக் கண்டுபிடித்த ஒருவர், இனிமேல் தினம் வருவதாக முடிவு செய்த மாதிரிச் சொன்னார்.

அப்படித்தான் தொடங்கியது. நான் ஒன்று சொல்வேன், அவர் ஒன்று சொல்வார். நான் மேகத்தின் வகையைச் சொன்னால் அவர் அதற்கு ஒரு சேலை நிறத்தைச் சொல்வார். மாம்பழ மஞ்சள், வாடாமல்லி, கத்தரிப்பூ, மிட்டாய் ரோஸ். எங்களுக்குள் சண்டையும் வரும். ஒரு நாள் நான் ஊதா என்றதை அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "ஊதாவா? டீச்சரம்மா, உங்களை மாதிரி ஒரு கஸ்டமர் வந்தா நான் கடையைச் சாத்திட்டுப் போயிருவேன்" என்றார். "உங்களை மாதிரி ஒரு மாணவன் வந்தா நான் வெளியே நிறுத்தியிருப்பேன்" என்றேன். நாங்கள் சிரித்த சிரிப்பில், எதிரே வந்த காதலர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அருண், அப்பா போன பிறகு நான் வெளி இடத்தில் சத்தம்போட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். நீ சாயங்காலம் கூப்பிட்டு நான் எடுக்காத போனெல்லாம் அந்தச் சமயத்தில் வந்தவைதான். சார்ஜ் இல்லை என்று உன்னிடம் சொல்லி வந்தேன். சார்ஜ் நிறையவே இருந்தது.

பிறகு ஆடி மாதம் வந்தது. தள்ளுபடிக் கூட்டத்தைச் சமாளிக்க மீனா அவரைக் கடைக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். நான் தனியாக நடந்தேன். நடைபாதை ஓரத்தில் கரி அடுப்பு வைத்துச் சோளக்கதிர் சுட்டு விற்கும் அஞ்சலையை உனக்கு நினைவிருக்காது. குப்பத்துக்காரி, வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். கதிரில் எலுமிச்சையைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்து, "இன்னா டீச்சர், உன் வூட்டுக்காரரு எங்க? நாலு நாளா காணோமே. சண்ட கிண்ட போட்டுக்கினீங்களா?" என்றாள். வகுப்பில் ஒரு தப்பு காதில் விழுந்தால், பாதி வாக்கியத்திலேயே நிறுத்தித் திருத்துகிறவள் நான். நீ வீட்டில் பேசும்போதுகூட விட்டதில்லை. அன்றைக்கு, "இல்லம்மா, கடையில வேலை" என்று மட்டும் சொன்னேன். "அதான் மூஞ்சி இப்டி கீது" என்று சொல்லிவிட்டு, கேட்காமலேயே பெரிய கதிராக எடுத்துக் கொடுத்தாள். கதிரைக் கடித்துக்கொண்டே நடந்தேன். சுவரைத் தொட்ட பிறகுதான் உறைத்தது, நான் அவளைத் திருத்தவில்லை என்று. கிழக்கே அழகாக ஒரு மேகம் நின்றது. அதைப் பார்த்து, 'இதை அவரிடம் சொல்ல வேண்டும்' என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடி முடிந்து அவர் திரும்பி வந்த அன்று அஞ்சலை அவரைப் பிடித்துக்கொண்டாள். "யோவ் அண்ணாத்தே, வூட்டம்மாவ தனியா நடக்க வுட்டுட்டு அப்டி இன்னாய்யா கடை? அது வானத்தப் பாத்துக்கினு தனியா நின்னுக்கினு இருந்துச்சு" என்று ஒரு பிடி பிடித்தாள். நான் காது கேட்காத மாதிரி கடலைப் பார்த்தேன். "இனிமே விடமாட்டேன் தாயி" என்றார். அவரும் திருத்தவில்லை. சுவர் வரைக்கும் நடந்து அதைத் தொட்டோம். அங்கே நின்று, "அந்தப் பொம்பள சொன்னதத் திருத்தணுமா, இல்ல அப்படியே விட்டுரலாமா?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "இப்பச் சொல்லாதீய. கடையில நான் சாயங்காலம் வாரவங்க கிட்ட சொல்லுவேன், ட்யூப்லைட்டுல எல்லாக் கலரும் பொருந்தும்மா, சேலைய எடுத்துட்டுக் காலையில வாங்க, வாசல் வெளிச்சத்துல வச்சுப் பாப்போம்னு. இந்த வெளிச்சத்துல எல்லாமே அழகாத்தான் தெரியும். நாளைக்குக் காலையில பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார்.

மறுநாள் காலை எப்படி இருந்தது என்று கேள். பாத்திரம் தேய்க்கும் பெண் வரவில்லை. சிங்க் நிறைய எண்ணெய்ப் பிசுக்கு. தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று மாடி வீட்டுக்காரரும் கீழ் வீட்டு மாமாவும் படிக்கட்டில் கத்திக்கொண்டிருந்தார்கள். முட்டி வலி. கண்ணாடியில் பார்த்தால் பழைய நைட்டி, எண்ணெய் வைத்த தலை, கன்னத்தில் தலையணைக் கோடு. அந்த வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்தேன். கடல் இல்லை, நிறம் இல்லை, காற்று இல்லை. இவ்வளவையும் உடனே அவரிடம் சொல்ல வேண்டும், மோட்டார் சண்டையை இரண்டு குரலிலும் நடித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. போனை எடுத்து, "திருத்த வேண்டாம், விட்டுடலாம்" என்றேன். "சரிங்க டீச்சரம்மா. நான் போய் ஒரு டீ குடிச்சிட்டு வந்து பேசுதேன்" என்றார்.

இதுதான்டா உன் கேள்விக்குப் பதில். வகுப்பறை ஜன்னலில் அணில் வந்து உட்கார்ந்தால் பிள்ளைகள் என்ன செய்வார்கள் தெரியுமா? அணிலைப் பார்த்த அடுத்த நொடி பக்கத்துப் பிள்ளையை முழங்கையால் இடிப்பார்கள். அணிலைப் பார்ப்பதைவிட இடிப்பதுதான் அதிகமாக இருக்கும். அணில் ஓடிவிடும், இவர்கள் இன்னும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டிருப்பார்கள். நான் பாடத்தை நிறுத்தி அதை வேடிக்கை பார்ப்பேன். தனியாகப் பார்த்த அணில் பிள்ளைகளுக்குப் பாதி அணில்தான். எனக்கும் அப்படித்தான். "என்கிட்ட சொல்லலாமேம்மா" என்பாய். சொன்னேனே. அந்த மழை விட்ட நாளின் படத்தை உனக்குத்தான் முதலில் அனுப்பினேன். நீ ஒரு கட்டை விரல் படத்தைத் திருப்பி அனுப்பினாய். அதில் உன் தப்பு ஒன்றுமில்லை, மீட்டிங்கில் இருந்திருப்பாய். ஞாயிறுதோறும் தவறாமல் கூப்பிடுகிறாய். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, கதவைப் பூட்டினாயா என்று கேட்கிறாய். நல்ல பிள்ளை கேட்கும் கேள்விகள்தான் அவை. ஆனால் வானம் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருப்பதில்லை. ஒன்று சொல்கிறேன், இதை அம்மாவின் புத்திமதியாகவே எடுத்துக்கொள். என் மருமகள் நித்யா உன்னைப் பார்த்து "அங்க பாரு" என்று சொன்னால், கையில் எது இருந்தாலும் தலையைத் தூக்கிப் பார். அவள் பேசுவது அந்தப் பறவையைப் பற்றியோ மேகத்தைப் பற்றியோ மட்டும் அல்ல. பக்கத்தில் நீ இருக்கிறாயா என்றுதான் பார்க்கிறாள்.

நித்யாவைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ போனை வைத்த கொஞ்ச நேரத்தில் அவளிடமிருந்து செய்தி வந்தது. "அத்தை, அவர் பால்கனியில நின்னுட்டிருக்கார். விடுங்க, வருவார். நீங்க முதல்ல சேலை என்ன கலர்னு சொல்லுங்க." அவளைத் திட்டாதே. நீ பால்கனியில் நின்றதில் எனக்கு வருத்தமும் இல்லை. மீனாவும் அவள் அப்பாவிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கடையைச் சாத்திவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள். என்ன சொல்லப்போகிறாளோ என்று நான் காப்பியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரை வைத்தாள். "ஆன்ட்டி, எங்க அப்பாவுக்கு இந்தக் காப்பியே போதும், அவரு எதையும் குறை சொல்ல மாட்டாரு. ஆனா கடைக்கு வந்து நான் அடுக்கின துணியெல்லாம் மாத்தி அடுக்குறாரு. தயவுசெஞ்சு நீங்க கூட்டிட்டுப் போயிடுங்க" என்றாள். சொல்லும்போது சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அம்மாவின் இடம் என்ன ஆகும் என்று அவளுக்கும் ஒரு கலக்கம் இருந்திருக்கிறது. அது உனக்கும் இருக்கும். இல்லாவிட்டால்தான் நான் கவலைப்படுவேன்.

அதனால் உன் அப்பாவின் படத்தைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். அது ஹாலில் இருந்த இடத்திலேயே இருக்கும். சண்முகவேல் முதல் முறை வீட்டுக்கு வந்தபோது செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அதன் முன்னால் போய் நின்றார். நான் சமையலறை வாசலில் நின்று பார்த்தேன். கும்பிடவில்லை, கண்ணை மூடவில்லை. கடைக்காரர் பார்வையில் உற்றுப் பார்த்தார். "இந்தச் சட்டைய எடுத்தது நீங்களா, அவரா?" என்று கேட்டார். "அவர்தான். என்னை எடுக்கவே விடமாட்டார்" என்றேன். "நெனச்சேன். அவரு நெறத்துக்கு இதவிடப் பொருத்தமா யாராலயும் எடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, படத்தின் கீழே சற்றுச் சாய்ந்திருந்த ஓரத்தை ஒரு விரலால் நேராக்கினார். உன் அப்பா அந்தப் படத்துக்குள் இருந்துகொண்டே, "பாத்தியா, கலர் தெரிஞ்ச ஆளு" என்று என்னைக் கேலி செய்திருப்பார். அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சந்தித்திருந்தால், நான் டீ போட்டுப் போட்டே களைத்திருப்பேன்.

ஊர் என்ன சொல்லும் என்று நீ கேட்கவில்லை. ஆனால் அதுவும் உன் மனதில் இருக்கும். மேற்கு மாம்பலத்துச் சொந்தங்கள் ஒரு வாரம் பேசுவார்கள். பிறகு அந்த வீட்டில் யாருக்காவது வரன் பார்க்கத் தொடங்குவார்கள், பேச்சு அங்கே போய்விடும். யாராவது உன்னிடம் கேட்டால், எங்கள் அம்மா கல்யாணம் செய்துகொண்டாள் என்று சொல். அதற்கு மேல் ஒரு விளக்கமும் சேர்க்காதே. அதை நீ நிமிர்ந்து சொல்வாயானால், கேட்கிறவர்கள் முகம் தானாக மலர்ந்துவிடும். குனிந்து சொன்னால்தான் துருவுவார்கள். இதை நான் பெற்றோர் கூட்டங்களில் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

சாட்சிக் கையெழுத்தைப் பற்றி இப்போது உன்னிடம் வாக்குக் கேட்கவில்லை. அந்த மனிதரைப் பார்க்காமல் நீ எப்படிப் போடுவாய்? என் பேச்சை மட்டும் நம்பிப் போட வேண்டும் என்று சொல்ல எனக்கும் மனமில்லை. கையெழுத்துக்கு முந்தின நாள் புனேயிலிருந்து வருகிற மாதிரி டிக்கெட் எடு. நித்யா என்னோடு வீட்டில் இருக்கட்டும், நாங்கள் இருவரும் அடை வார்த்துக்கொண்டிருப்போம். நீ சாயங்காலம் வெயில் இறங்கும் நேரத்துக்குக் கடற்கரைக்குப் போ. வேளாங்கண்ணி மாதா கோயில் பக்கம் அவர் நின்றுகொண்டிருப்பார், உன்னைவிட அதிகமாகப் பயந்துகொண்டிருப்பார். அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று திண்டாட வேண்டாம், சார் என்றே கூப்பிடு. எதையும் விசாரிக்காதே, என்னைப் பற்றியும் பேசாதே. நடைபாதை முடிகிற இடம் வரைக்கும் போய், சுவரைத் தொட்டுவிட்டு அவரோடு திரும்பி வா. அவருக்கு வலது காது சரியாகக் கேட்காது. அவருடைய இடது பக்கமாக நட.